நீரும் நீறும்

வெற்றிலைத் தட்டு வாராத விருந்து தஞ்சை நாட்டில் விருந்தாகாது. கும்பகோணத்துக் கொழுந்து வெற்றிலையின் பெருமையைப் பேசுவோர் பலர். பாக்கின் துவர்ப்பைப் பற்றி மணிக்கணக்காக வாதிடுவோரும் உளர். தட்டின் ஓரத்தில் ஒரு சிறு கரண்டகத்துக்குள் அடங்கிக் கிடக்கும் சுண்ணாம்பைப் பற்றி மட்டும் எவரும் வாய் திறப்பதில்லை. மிகுந்தால் வாய் வெந்துவிடும் என்பதற்கு மேல் அதைப் பற்றி நமக்குப் பேச்சில்லை. அந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது, அது தண்ணீரோடு கொண்ட உறவு யாது, அவ்வுறவு இன்று ஏன் மறுபடியும் ஆராய்ச்சிக்கூடங்களில் பேசப்படுகிறது என்பவற்றைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன்.

தஞ்சைத் தரணி கல் இல்லாத நாடு. காவிரி பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொணர்ந்து கொட்டிய வண்டலே அதன் நிலம். 1010ஆம் ஆண்டில் இராசராசன் நிறைவு செய்த பெரிய கோயிலுக்கும் கருங்கல் வெளியிலிருந்தே வந்தது. வீடு, மதகு, கிணறு ஆகிய யாவும் செங்கல்லால் எழுந்தன. செங்கல் இருந்தால் சாந்து வேண்டும். சாந்துக்குச் சுண்ணாம்பு வேண்டும். அதற்கு இரண்டு வழிகளே இருந்தன. ஒன்று, மண்ணில் ஆங்காங்கே முடிச்சு முடிச்சாகக் கிடைக்கும் சுக்கான்கல். மற்றொன்று, கடல் தந்த கிளிஞ்சல். கொள்ளிடத்தின் முகத்துவாரம் முதல் கோடியக்கரை வரையிலும், அங்கிருந்து மேற்கே திரும்பி முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடு வரையிலும் நீண்டு கிடக்கும் கரையில், மட்டியும் சிப்பியும் தம் உயிர் போன பின்னர் விட்டுச் சென்ற ஓடுகள் குவிந்து கிடப்பதைக் காணலாம். அவற்றை அள்ளிச் சுட்டுச் சுண்ணாம்பாக்குவது கடலோரத்துத் தொழில்களுள் ஒன்றாயிற்று.

சுண்ணாம்புக்கு நீறு என்றும் நூறு என்றும் தமிழில் பழைய பெயர்கள் உண்டு. மலையாள நாட்டார் வெற்றிலைச் சுண்ணாம்பை இன்றும் நூறு என்றே அழைக்கின்றனர். நீறு என்றவுடன் நமக்குத் திருநீறே நினைவுக்கு வருகிறது. ஆயினும், எரிந்து தூளானது எதுவாயினும் அது நீறே. சுட்ட சுண்ணாம்பின் மேல் நீர் தெளித்துத் தூளாக்குவதை 'நீற்றுதல்' என்கிறோம். நீரும் நீறும் சொல்லளவில் உறவினரா என்பதை மொழிநூலார் முடிவு செய்யட்டும். செயலளவில் அவை நெடுங்கால உறவினர் என்பதில் ஐயமில்லை.

கிளிஞ்சல் சுடும் அடுப்பைக் காளவாய் என்பர். வட்டமாக எழுப்பிய மண்சுவருக்குள் கரியோ விறகோ ஓர் அடுக்கு, கிளிஞ்சல் ஓர் அடுக்கு என மாறி மாறி நிரப்பிக் கீழே தீ மூட்டுவார்கள். தீ தணிந்த பின் எடுக்கும் ஓடு பார்வைக்கு முன்போலவே இருக்கும், வடிவம் மாறியிராது, கையில் எடுத்தால் மட்டும் எடை குறைந்திருப்பது தெரியும். எடை எங்கே போயிற்று? கிளிஞ்சலில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்குக் குறையாமல் கால்சியம் கார்பனேட் என்னும் பொருளே உள்ளது. ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் அது பிளவுபட்டு, 100 கிராமுக்கு 44 கிராம் கரியமில வாயுவாகி வானில் கலந்துவிடுகிறது. எஞ்சிய 56 கிராமே சுட்ட சுண்ணாம்பு. அதன்மேல் நீரைத் தெளித்தால் சீறும், புகையும், ஓடு வெடித்து மாவாகும். அப்பொழுது 18 கிராம் நீரைத் தன்னுள் இழுத்துக்கொண்டு 74 கிராம் நீற்றின சுண்ணாம்பாகிறது. அந்தச் சூட்டில் கண்ணில் தெறித்துப் பார்வையிழந்த கூலியாட்கள் உண்டு. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் விரல் இதை அறியாது.

இந்தச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரில் ஒரு குழாயை வைத்து மூச்சை ஊதினால் அது பாலாக வெளுக்கும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் இதைச் செய்யாத மாணவர் இலர். அந்த வெண்மை வேறொன்றுமில்லை. காளவாயில் இழந்த கரியமில வாயுவை நம் மூச்சிலிருந்து திரும்பப் பெற்று, சுண்ணாம்பு மீண்டும் கிளிஞ்சலின் பொருளாக மாறியதே அது. சுவரில் பூசிய சாந்து ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகுவதும் இதே காரணத்தாலேயே. சென்னைச் சுண்ணாம்பு என்று புகழ் பெற்ற வெண்பூச்சு, சலவைக்கல்லோ என்று ஐரோப்பியரையே மயங்க வைத்தது; அதற்கு அடிப்படையும் கிளிஞ்சலே. சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த ஜே. டி. ஸ்மித் என்பவர், சாந்து பற்றிப் பிரெஞ்சு அறிஞர் விக்கா எழுதிய நூலை 1837ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் பெயர்த்தபோது, நம் நாட்டுச் சுண்ணாம்பைப் பற்றித் தம் குறிப்புகளையும் சேர்த்து வெளியிட்டார்.

இனித் தண்ணீரின் பக்கம் வருவோம். காவிரியில் புதுவெள்ளம் வரும்போது கொண்டாட்டம் பெரிதாக இருக்கும். குடத்து நீரோ சேறாக இருக்கும். அதைத் தெளிய வைக்கத் தமிழர் கண்ட வழி தேற்றாங்கொட்டை. குடத்தின் உட்புறத்தில் அக்கொட்டையைத் தேய்த்து நீரை ஊற்றினால் கலங்கல் அடியில் படிந்துவிடும். கலித்தொகையிலேயே இச்செய்தி உவமையாக இடம்பெறுவதால், வழக்கத்தின் பழமை விளங்கும். ஊர் முழுமைக்கும் நீர் தெளிய வைக்க வேண்டின் கொட்டை போதாது. இடம் வேண்டும், பொழுது வேண்டும். பதினாறாம் நூற்றாண்டில் தஞ்சையில் நாயக்கர் ஆட்சியைத் தொடங்கிய செவ்வப்ப நாயக்கர் ஊருக்கு வெளியே ஓர் ஏரியை அமைத்தார். மழைநீர் அங்கே தங்கி, வண்டலை இறக்கிவிட்டுச் சிவகங்கைக் குளத்துக்குச் செல்லும். அங்கிருந்து சுடுமண் குழாய்கள் வழியே அரண்மனைக்கும் கிணறுகளுக்கும் பாயும். ஜலசூத்திரம் என்று இதற்குப் பெயர். நீரை நிற்க வைத்தால் பாதி தூய்மை தானே வரும் என்பதை அறிந்தவர்களின் வேலை அது.

தெளிந்த நீர் தூய நீர் ஆகுமா? ஆகாது என்பதை உலகம் மிகவும் கொடிய முறையில் கற்றுக்கொண்டது.

1817ஆம் ஆண்டில் வங்காளத்தில் மூண்ட காலரா, அடுத்த ஆண்டே சென்னை மாகாணத்தை எட்டியது. தஞ்சையில் அப்பொழுது இரண்டாம் சரபோஜி மன்னர் இருந்தார். மருத்துவத்துக்கென்றே தன்வந்திரி மகால் அமைத்த மன்னர் அவர். ஆயினும் நோயின் காரணம் இன்னதென்று அன்று உலகில் எவரும் அறிந்திலர். அதன் பின்னர் நூறாண்டுக்கும் மேலாக, மாகாணத்தில் காலரா அடிக்கடி தலைகாட்டிய பகுதிகளுள் காவிரிப் படுகையும் ஒன்றாயிற்று. காரணம் நிலத்திலேயே இருந்தது. வாய்க்கால் ஓடும் மாதங்களில் குளிப்பதும் துவைப்பதும் மாடு கழுவுவதும் குடிநீர் எடுப்பதும் அதே நீரில். வாய்க்கால் வற்றிய பின்னர்க் குளத்தின் அடித்தண்ணீரே கதி. ஓர் ஊரின் வடிகால் அடுத்த ஊரின் வாய்க்கால். நெல்லுக்கு மிக நல்ல ஏற்பாடாகிய இது நோய்க்கும் நல்ல ஏற்பாடாயிற்று.

லண்டன் நகரில் ஜான் ஸ்நோ என்ற மருத்துவர், காலரா தண்ணீர் வழியே பரவுகிறது என்பதை 1854ஆம் ஆண்டில் ஒரு தெருக்குழாயைக் கொண்டு எடுத்துக் காட்டினார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1884இல், ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் கல்கத்தாவுக்கு வந்து, அந்நோயின் கிருமியை ஊர்க் குளமொன்றின் நீரிலேயே கண்டார். அதன் பின்னர்க் கிணற்றுக்கு மருந்திடுவது அரசாங்க வேலையாயிற்று. ஆக்ராவில் அரசாங்க ரசாயன அறிஞராக இருந்த ஹாங்கின் 1890களில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைக் கிணறுகளில் இடும் முறையைப் பரப்பினார். சுட்ட சுண்ணாம்பைக் கொட்டும் வழக்கமும் இருந்தது. கிளிஞ்சல் நீறு உயிர்காக்கும் பொருளாகக் கிணற்றுக்குள் இறங்கியது இவ்வாறுதான்.

இங்கே மாணவர்கள் ஊன்றி நோக்க வேண்டிய ஒன்று உண்டு. காலராக் கிருமி அமிலத்தை அஞ்சும், காரத்தை விரும்பும். ஆய்வுக்கூடத்தில் அதை வளர்ப்போர் சற்றே காரமான கரைசலில்தான் வளர்க்கின்றனர். எனவே கிணற்றில் ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பை மனநிறைவுக்காகத் தூவினால் அது கிருமிக்குத் தீங்காகாது, நலமாகவும் முடியலாம். காரம் மிக மிகும்போதே கிருமி மடியும். எவ்வளவு வேண்டும்? குறுக்களவு 2 மீட்டரும் நீராழம் 3 மீட்டரும் உள்ள ஓர் உறைகிணற்றை எண்ணிக்கொள்ளுங்கள். அதில் ஏறத்தாழ 9,400 லிட்டர் நீர் நிற்கும். ஒரு லிட்டர் நீர் 1.6 கிராம் அளவு நீற்றின சுண்ணாம்பையே கரைத்துக்கொள்ளும். கிணறு முழுவதும் அந்த நிலையை அடைய வேண்டுமாயின் 15 கிலோ வேண்டும். அத்துணையும் கொட்டினால் கிருமி மடியும் என்பது உண்மை. ஆனால் சில நாளைக்கு மனிதரும் அந்நீரைக் குடிக்க இயலாது. அரைகுறையாக இட்ட சுண்ணாம்பை நம்பிக் குடித்தோர் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கில்லை.

இதே கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் எனப்படும் சலவைத் தூள் ஏறத்தாழ 24 கிராம் போதும். நீர் ஓரளவு தெளிந்ததாக மட்டும் இருக்க வேண்டும். 15 கிலோ எங்கே, 24 கிராம் எங்கே! சுண்ணாம்பு தோற்றுச் சலவைத் தூள் வென்றதில் வியப்பில்லை. எனினும் அந்தத் தோல்வியிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. கிளாஸ்கோ நகரத்துச் சார்லஸ் டென்னன்ட் 1799ஆம் ஆண்டில் துணி வெளுப்பதற்காகச் சலவைத் தூளைச் செய்தபோது, குளோரின் வாயுவை எதன்மேல் செலுத்தினார் தெரியுமா? நீற்றின சுண்ணாம்பின் மேல்தான். வாயுவை மூட்டை கட்டித் தருவது சுண்ணாம்பே. காலராக் காலத்தில் ஊழியர்கள் வாளியில் கலக்கிக் கிணற்றில் இறக்கிய வெள்ளைத் தூளும் சுண்ணாம்பின் வழித்தோன்றலே.

சுண்ணாம்பைத் தண்ணீருக்குச் செம்மையாகப் பயன்படுத்தும் முறைகள் மேனாட்டில் அளவுகோலின் துணையால் பிறந்தன. பருப்பு வேகாத தண்ணீர், சோப்பு நுரைக்காத தண்ணீர் என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அதற்குக் காரணம் கரைந்த நிலையில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து. அபர்தீன் நகரத்து ரசாயனப் பேராசிரியர் தாமஸ் கிளார்க் 1841ஆம் ஆண்டில் இதற்கு ஒரு மருந்து கண்டு உரிமம் பெற்றார். அம்மருந்து மேலும் சிறிது சுண்ணாம்பு! கணக்காக இட்ட புதிய சுண்ணாம்பு, நீரில் கரைந்திருந்த பழைய சுண்ணாம்பையும் இழுத்துக்கொண்டு இரண்டுமாக அடியில் படிந்துவிடும். முள்ளை முள்ளால் எடுப்பது என்று நாம் சொல்வது இதற்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும். லண்டன் குடிநீர் வாரியத்தின் அலெக்சாண்டர் ஹூஸ்டன் 1912ஆம் ஆண்டில் ஒரு படி மேலே சென்றார். வேண்டிய அளவுக்கும் மேலாகச் சுண்ணாம்பிட்டுக் கிருமியைக் கொன்று, பின்னர் மிகையான காரத்தைத் தேங்கித் தூய்மையடைந்த வேறு நீரைக் கலந்து போக்கலாம் என்று காட்டினார். நம் கிணற்றில் நடந்த அதே செயல்தான். அளவும் முடிவும் அறிந்து செய்தமையால் அது முறையாயிற்று. நகர நீரேற்று நிலையங்களில் படிகாரத்தோடு சுண்ணாம்பும் சேர்வதைக் காணலாம். படிகாரம் கலங்கலைத் திரட்டும்போது நீரின் காரத்தைத் தின்றுவிடும். அதை ஈடு செய்வது சுண்ணாம்பு.

இதற்கிடையில் கிளிஞ்சலின் நிலை தாழ்ந்துவிட்டது. கொள்ளிடத்துக்கு வடக்கே கல்லக்குடியில் 1939ஆம் ஆண்டில் சிமெண்டு ஆலை எழுந்தது. அவ்வூரை 1953ஆம் ஆண்டுப் பெயர்ப் போராட்டத்தால் அறிந்தவர்களே மிகுதி. அங்குள்ள சுண்ணாம்புக் கல்லின் கதையை அறிந்தவர்கள் குறைவு. அரியலூரும் கல்லக்குடியும் இருக்கும் நிலம் பத்துக் கோடி ஆண்டுகட்கு முன்னர்க் கடலின் அடி. அங்கே வாழ்ந்த சிப்பியும் பவளமும் படிந்தே அக்கல் உண்டாயிற்று. அப்பகுதியின் கல்லாகிய சிப்பிகளை எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்ற இயற்கை நூலறிஞர் 1846ஆம் ஆண்டில் ஆராய்ந்து எழுதினார். ஆக, இன்றைய கடலின் சிப்பியைச் சந்தையிலிருந்து துரத்தியது பண்டைக் கடலின் சிப்பியே. சிமெண்டு வந்தபின் கிராமத்துக் காளவாய்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. இறைச்சியை எடுத்தபின் எஞ்சும் ஓடுகள் குப்பையாகத் தேங்கி நாறத் தொடங்கின. சிப்பி வளர்ப்பில் முந்திய கொரியாவின் தென்கரையில் இது மலை மலையாகக் குவிந்து ஒரு நாட்டுச் சிக்கலாகவே ஆயிற்று.

நீரின் நிலையும் மாறியது. காலரா அஞ்சத்தக்க பெயராக இருந்த காலம் பின்தங்கி, கண்ணுக்குத் தெரியாத வேறு அழுக்குகள் வந்தன. 1990களில் நாகை, தஞ்சைக் கடலோரத்து நன்செய்களில் இறால் பண்ணைகள் பெருகின. தீவன மிச்சமும் கழிவும் கலந்த நீர் வாய்க்காலில் விடப்பட்டது; உப்பு நீர் பக்கத்து வயலிலும் குடிநீர்க் கிணற்றிலும் ஊறியது. நில உரிமைக்காகக் கிராமம் கிராமமாக நடந்த சர்வோதயத் தலைவர் எஸ். ஜகந்நாதன் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 1996 டிசம்பர் 11இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மேற்கேயோ, திருப்பூர்ச் சாயநீரைச் சுமந்துவந்த நொய்யல் காவிரியில் கலந்துகொண்டிருந்தது. பாசனத்துக்கென 1990களின் தொடக்கத்தில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தொட்டியாயிற்று. 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. மேலே கலந்தது கீழே வரும் என்பது படுகைக்காரருக்குப் புதிய பாடமன்று.

இவ்வழுக்குகளுக்கு எதிரே கிளிஞ்சலை மறுபடியும் நிறுத்திப் பார்க்கும் ஆராய்ச்சிகள் உலகெங்கும் நடைபெறுகின்றன. அவற்றுள் ஸ்பெயின் நாட்டு ஓவியேடோ பல்கலைக்கழகத்தார் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமானது. சிப்பிகளின் ஓடு எல்லாம் ஒரே பொருள் என்றேன்; ஆனால் அப்பொருள் இருவகைப் படிகமாக அமையும். பாறையில் ஒட்டி வாழும் சிப்பியின் ஓடு பெரும்பாலும் கால்சைட்டு. சேற்றில் புதைந்து வாழும் மட்டியின் ஓடு அரகோனைட்டு. காட்மியம் என்னும் நச்சு உலோகம் கலந்த நீரில் இரண்டையும் இட்டுப் பார்த்தனர். கால்சைட்டின் மேல் காட்மியம் மெல்லிய போர்வையாகப் படிந்து, அப்போர்வையே மேலும் படிய இடமில்லாமல் மூடிவிட்டது. அரகோனைட்டின் மேலோ தனித்தனிப் படிகங்களாக முளைத்தது. இடையிடையே ஓட்டின் முகம் திறந்தே இருந்ததால் வேலை நிற்கவில்லை. அடுப்பும் வேண்டாம், விறகும் வேண்டாம். மட்டி ஓட்டை உடைத்துத் தூளாக்கினாலே போதும். முத்துப்பேட்டைக் காயலிலும் பரங்கிப்பேட்டையருகே வெள்ளாற்று முகத்திலும் கிடைக்கும் மட்டி இவ்வகையைச் சேர்ந்ததே.

நியூசிலாந்தின் ஸ்டாக்டன் நிலக்கரிச் சுரங்கத்தில் அமில நீர் பெரிய தொல்லை. அங்கே கடற்சிப்பித் தொழிலின் கழிவு ஓடுகளைப் படுகையாகப் பரப்பி, அந்நீரை அதனூடே செலுத்துகின்றனர். அமிலம் தணிகிறது; இரும்பும் அலுமினியமும் படிந்துவிடுகின்றன. ஓட்டில் ஒட்டியிருக்கும் இறைச்சித் துணுக்குகளும் வீணாவதில்லை. உலோகத்தைப் பிடிக்க உதவும் நுண்ணுயிர்களுக்கு அவை உணவாகின்றன. கொரிய ஆய்வாளர் 2004ஆம் ஆண்டில் சிப்பியோட்டைச் சூடேற்றிப் பாஸ்பேட்டை நீக்கிக் காட்டினர். ஏரி குளங்களில் பாசி மண்டுவதற்குக் காரணமான சத்து அது. சுண்ணாம்போடு சேர்ந்து அது நம் பல்லும் எலும்பும் ஆன அதே வகைப் பொருளாகப் படிகிறது. கழிவுநீரில் நஞ்சு வேறு இல்லையாயின் அப்படிவை உலர்த்தி வயலுக்கு உரமாக இடவும் கூடும். நெல் விளையும் நாட்டுக்கு இது சிறிய செய்தியன்று.

இவ்வளவும் கேட்டபின், படுகையின் துன்பமெல்லாம் கிளிஞ்சலால் தீர்ந்துவிடும் என்று எவரேனும் எண்ணினால் அவருக்கு ஒரு சொல். கடலோரக் கிராமத்தாரின் முதற்பகை உப்பு. அதைக் கிளிஞ்சல் தொடவும் தொடாது. சமையல் உப்பாகிய சோடியம் குளோரைடு எந்தச் சுண்ணாம்போடும் சேர்ந்து படியாது. நொய்யல் நீரின் பெருங்கேடும் கரைந்த உப்பே. அங்கும் அதற்கு வேலையில்லை. வயலுரத்திலிருந்து வரும் நைட்ரேட்டு அப்படியே தப்பிவிடும். தோல் பதனிடும் குரோமியத்தில் ஒரு வகையைச் சுண்ணாம்பு படிய வைக்கும். அதனினும் கொடிய ஆறிணைதிற வகையை முதலில் வேறு மருந்தால் மாற்றினாலன்றிப் படிய வைக்காது. இறால் பண்ணை நீரில் பாஸ்பேட்டு இருப்பது உண்மை. ஆனால் கடல்நீரின் மக்னீசியம் முந்திக்கொண்டு சுண்ணாம்பைத் தின்றுவிடுவதால் செலவு பல மடங்காகும்.

புளோரைடின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காவிரி தமிழகத்துள் நுழையும் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் நிலத்தடி நீரின் புளோரைடால் பல்லும் எலும்பும் கெட்டன. சுண்ணாம்பு புளோரைடைப் படிய வைக்கும் என்பது ரசாயனப் பாடம். ஆனால் லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் வரையில்தான் அதன் ஆற்றல். குடிநீரிலோ ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது. ஆகவே 1970களில் நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தார் படிகாரத்தைத் தலைமையாகவும் சுண்ணாம்பைத் துணையாகவும் கொண்ட முறையை வகுத்தனர். முதன்முதல் கையாண்ட ஊரின் பெயரால் நல்கொண்டா முறை எனப்படுவது அதுவே. தருமபுரிக்கு இறுதியில் வந்த தீர்வோ வேறு. 2013ஆம் ஆண்டில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கி, கிணற்று நீருக்குப் பதிலாகக் காவிரி நீரே குழாயில் வந்தது. அழுக்கை நீக்குவதினும் அழுக்கற்ற நீரைக் கொணர்வது எளிதாயிருக்குமிடத்தில் அதுவே அறிவு. அதற்கு ஆறு தூயதாக இருக்கவேண்டும் என்பது வேறு பேச்சு.

காட்மியத்தைப் பிடித்த ஓட்டை எங்கே வைப்பது என்பதும் ஒரு கேள்வி. நீரிலிருந்து நீங்கிய நஞ்சு ஓட்டுத் தூளில் இருக்கிறது. அதை வயலோரத்தில் கொட்டினால் மழையில் கரைந்து வாய்க்காலுக்கே திரும்பும். அடைத்துப் புதைக்க இடமும் பொறுப்பாளரும் வேண்டும். காளவாயில் சுட்டால் கரியமில வாயுவும் விறகுப் புகையும் எழும். ஆதலால் சுடாத தூளே போதுமான இடத்தில் சுடலாகாது. இன்னுமொன்று, கழிவு ஓடு வேறு, கடலில் கிடக்கும் ஓடு வேறு. கோடியக்கரை 1967ஆம் ஆண்டில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002இல் உலகச் சதுப்புநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. அத்தகைய கழிமுகங்களில் வெறும் ஓடு என்று நாம் காண்பதன் மேல்தான் அடுத்த தலைமுறைச் சிப்பிக் குஞ்சு ஒட்டி வளர்கிறது. வளர்ந்த சிப்பி தன் உணவுக்காக நாள்தோறும் நீரை உறிஞ்சி வடிகட்டிவிடுகிறது; அதற்குக் காளவாயும் வேண்டாம், ஆராய்ச்சிக்கூடமும் வேண்டாம். எனவே இறைச்சிக் கூடத்துக்கு வெளியே குவியும் ஓட்டை அள்ளலாம்; படுகையிலிருந்து தோண்டியெடுத்தலாகாது. நெல் அறுத்தவன் விதைநெல்லைத் தனியே கட்டி வைப்பதுபோல, எடுத்த ஓடுகளில் ஒரு பங்கைச் சிப்பிப் படுகைக்கே திருப்பிக் கொட்டும் வழக்கம் சிப்பி வளர்க்கும் நாடுகள் பலவற்றில் இருந்து வருகிறது.